பொன் முடியும் புட்டி ஷாம்பூவும்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நம் மேசை முன் வந்து நின்றாள். கையில் துண்டில் சுற்றிய ஒரு புட்டி. அவளுக்குப் பின்னால் அவளுடைய பாட்டி. செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உரம் தூவிய கை அந்த அம்மாளுடையது. எதற்கும் அஞ்சாதவர். அன்று அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"வாத்தியாரய்யா, இவ அக்கா டவுன்ல வாங்கி அனுப்பியிருக்கு. இதப் போட்டுக் குளிச்சா முடி தங்கம் மாதிரி ஆயிடுமாம். தலை கிலை வெந்துடப் போகுதுங்க. நீங்க படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

புட்டியை வாங்கிப் பார்த்தோம். முகப்பில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பொன்னிற முடிக்கு உரியது, மென்மையானது, நாளுக்கு நாள் ஒளி கூட்டுவது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. விலைச் சீட்டும் ஒட்டியபடியே இருந்தது. ஒரு பெண் தோட்டத்தில் அரை நாளுக்கு மேல் உழைத்தால்தான் அந்தத் தொகை கைக்கு வரும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. நாமே சோதித்துப் பார்த்துச் சொல்கிறோம்" என்றோம். அந்தச் சோதனையைப் பற்றியும், முடியின் நிறத்தைக் குறைப்பதாகச் சொல்லும் இத்தகைய ஷாம்பூக்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்பதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் ஒரு செய்தி. ஷாம்பூ என்பது ஆங்கிலச் சொல் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. பிடித்துவிடுதல், அழுத்தித் தேய்த்தல் என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது என்பவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். அங்கே அவர் உடம்பு பிடித்துவிட்டதற்குத்தான் ஷாம்பூ என்று பெயர். தலை கழுவுவது என்ற பொருள் பிறகு வந்தது. நம் பாட்டிமார் சிகைக்காயும் அரப்பும் தேய்த்துச் செய்த வேலையைத்தான் இன்று புட்டி செய்கிறது. அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்குவதே அதன் முதல் வேலை.

இப்போது முடிக்கு வருவோம். ஒரு முடியை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதன் மேற்புறம் மீன் செதில்களைப் போல அடுக்கடுக்காக இருக்கும். இந்தச் செதில்கள் நிறமற்றவை. இவை முடிக்குக் கவசம். கவசத்துக்கு உள்ளே இருக்கும் தடித்த பகுதியில்தான் நிறம் இருக்கிறது. மெலனின் என்னும் நிறமி அங்கே நுண்ணிய மணிகளாகப் பதிந்திருக்கிறது. அதில் இரு வகை உண்டு. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். செம்மஞ்சள் நிறம் தருவது ஃபியோமெலனின். நம் முடியில் யூமெலனின் மிகுதி. ஆகையால் நம் முடி கறுப்பு. ஐரோப்பாவின் வட பகுதியில், பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் வாழும் மக்கள் பலருக்கு யூமெலனின் மிகக் குறைவு. ஆகையால் அவர்கள் முடி பொன்னிறம். கறுப்புத் தோல் உடைய மக்களிலும் பொன் முடி உண்டு. பசிபிக் கடலிலுள்ள சாலமன் தீவுகளில், கருமையான தோலும் பொன்னிற முடியும் உள்ள பிள்ளைகளைக் காணலாம். அதற்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2012ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். இவையெல்லாம் பிறவியிலேயே அமைவன. ஷாம்பூவால் வந்தவை அல்ல.

வட ஐரோப்பியரிடம் இன்னொரு விந்தை உண்டு. அங்கே பல குழந்தைகள் பொன் முடியோடு பிறப்பார்கள். வயது ஏற ஏற உடம்பில் யூமெலனின் கூடும். பதினைந்து, இருபது வயதுக்குள் பொன் முடி மங்கிப் பழுப்பாகிவிடும். கோடைக் காலத்தில் வெயில் பட்டால் சற்று வெளுக்கும். குளிர் காலத்தில் மறுபடியும் மங்கும். சிறு வயதில் இருந்த முடி போய்விட்டதே என்று ஏங்கும் பெண்கள் அங்கே மிகப் பலர். நாம் பேசும் ஷாம்பூ அவர்களுக்காகச் செய்யப்பட்டது. இதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பொன் முடி ஆசை இன்று நேற்று வந்ததன்று. இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்துப் பெண்கள், 16ஆம் நூற்றாண்டில் வீட்டுக் கூரை மேல் மரப் பரண் கட்டி, உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் ஒரு விசித்திரமான தொப்பி. அதற்கு அகலமான விளிம்பு உண்டு, உச்சி கிடையாது. முகத்தில் வெயில் படாதபடி விளிம்பு காக்கும். நடுவிலுள்ள துளை வழியாக முடியை வெளியே எடுத்து, விளிம்பின் மேல் பரப்பி, கடற்பஞ்சால் மருந்து நீரைத் தடவித் தடவிக் காயவைப்பார்கள். செசாரே வெசெல்லியோ என்பவர் 1590ஆம் ஆண்டில் வெளியிட்ட உடை நூலில் இதைப் படமாகவே காட்டியிருக்கிறார். நாம் நிழல் தேடி ஓடும் வெயிலை அவர்கள் தேடிப் போய் அமர்ந்தார்கள்!

பின்னர் விஞ்ஞானம் குறுக்கு வழி காட்டிற்று. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி ஜாக் தெனார் என்பவர் 1818ஆம் ஆண்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் திரவத்தைக் கண்டுபிடித்தார். அது நிறமியை உடைத்துப் போடும் ஆற்றல் உடையது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்தில் முடியை வெளுக்க அது பயன்படலாயிற்று. இன்றுவரை முடியை உண்மையில் வெளுக்கும் மருந்துகளில் முதலிடம் அதற்குத்தான்.

சரி, முடிக்கு ஒளி கூட்டுவதாகச் சொல்லும் ஷாம்பூக்கள் எப்படி வேலை செய்கின்றன? அவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, அழுக்கு நீக்குவது. குளிக்கும் நீரில் கலந்திருக்கும் இரும்பு, செம்பு போன்ற உலோக உப்புகள் முடியில் படிந்து அதை மங்கலாக்கும். நீச்சல் குளத்தில் நீந்தும் வெள்ளைக்காரப் பெண்களின் முடி சில வேளை பச்சையாகிவிடும். அதற்குக் காரணம் நீரில் கரைந்த செம்பு. இந்த வகை ஷாம்பூ அப்படிவைக் கரைத்து எடுத்துவிடுகிறது. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பழைய பளபளப்பு திரும்பும். ஆனால் எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் பித்தளை தங்கமாகாது.

இரண்டாம் வகை, பூவும் பழமும் சேர்ந்தது. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த கேமமைல் என்னும் பூவின் சாறும் எலுமிச்சைச் சாறும் இதில் இருக்கும். கேமமைல் பூவில் ஒரு மஞ்சள் சாயம் இருக்கிறது. அது பொன் முடி மேல் மெல்லப் படிந்து, சற்று மஞ்சள் ஒளி தரும். அது நிறத்தைக் கூட்டும் பூச்சே ஒழிய, நிறத்தைக் குறைக்கும் மருந்தன்று. கறுப்பு முடியில் அது தெரியவே தெரியாது. எலுமிச்சைச் சாற்றைத் தலையில் தடவி வெயிலில் நின்றால் முடி ஓரளவு வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் ஓர் எச்சரிக்கை. எலுமிச்சை இனச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், தோல் வெந்து கொப்புளம் வரக்கூடும். கரிய தழும்பு பல வாரங்கள் நிற்கும். நம் நாட்டு வெயிலில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மூன்றாம் வகை, ஊதா நிற ஷாம்பூ. நம் தாய்மார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை பழுப்பேறினால் என்ன செய்வோம்? அலசும் நீரில் நீலம் போடுவோம். சட்டையின் மஞ்சள் போகவில்லை. நீலம் அந்த மஞ்சளை மறைக்கிறது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஊதா ஷாம்பூவும் அதையேதான் செய்கிறது. பொன் முடியிலும், சாயக் கடையில் வெளுத்த முடியிலும் தோன்றும் வேண்டாத மஞ்சளை ஊதாச் சாயம் அடக்குகிறது. முடி வெளுத்ததுபோலத் தோன்றும். உண்மையில் ஒரு நிறமி மணியும் குறையவில்லை. கறுப்புச் சட்டைக்கு யாராவது நீலம் போடுவார்களா? கறுப்பு முடிக்கு ஊதா ஷாம்பூ போடுவதும் அப்படித்தான்.

நான்காம் வகையில்தான் பெராக்சைடு கலந்திருக்கிறது. இது பெரும்பாலும் ஷாம்பூவாக வருவதில்லை. தலையில் தெளித்து அப்படியே விட்டுவிடும் திரவமாக வரும். இது உண்மையிலேயே நிறமியை உடைக்கும். பொன் முடியும் இளம்பழுப்பு முடியும் சில முறை பூசியதும் சற்று வெளுக்கும். ஆனால் இரண்டு மூன்று நிமிடம் நுரைத்துக் கழுவிவிடும் பொருளில் இதைச் சிறிது கலந்திருந்தால் பயன் மிகக் குறைவே. மருந்து செதிலைத் தாண்டி உள்ளே போகுமுன் நீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆக, கேள்விக்கு விடை இதுதான். முன்பே பொன்னாக இருக்கும் முடியை இந்த ஷாம்பூக்கள் சற்றுப் பளிச்சென்று காட்டும். அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. கறுப்பு முடியைப் பொன்னாக்கும் மென்மையான ஷாம்பூ என்று ஒன்று இல்லை.

ஏன் இல்லை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. கறுப்பு முடியில் யூமெலனின் அடர்ந்து கிடக்கிறது. அதை உடைக்க வேண்டுமானால் முதலில் செதில் கவசத்தைத் திறக்க வேண்டும். அதற்கு அம்மோனியா போன்ற காரம் வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு அம்மோனியாவின் நெடி நன்றாகத் தெரியும். பால் உறைந்துவிடாமல் இருக்க அதைச் சேர்ப்பது வழக்கம் அன்றோ? அந்த நெடிதான் சாயக் கடையிலும் வீசுகிறது. செதில் திறந்தபின் 6 விழுக்காடு முதல் 12 விழுக்காடு வரை வலுவுள்ள பெராக்சைடு உள்ளே போய் நிறமியை உடைக்கும். கறுப்பு உடைந்ததும் பொன் வந்துவிடாது. முதலில் செம்பழுப்பு, பிறகு செம்மை, பிறகு ஆரஞ்சு, கடைசியில்தான் மஞ்சள். செம்மஞ்சள் நிறமி எளிதில் உடையாது என்பதே இதற்குக் காரணம். இதற்குள் முடியின் கவசம் பழுதாகி, முடி வைக்கோல் போல் ஆகிவிடும். சிலருக்குத் தலைத்தோல் எரிந்து புண்ணாவதும் உண்டு. வெளுத்த முடி மறுபடி கறுக்காது. வேரிலிருந்து புதிதாக வளரும் முடிதான் கறுப்பாக வரும். அது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

ஆகவே, நேயர்களே, மென்மையானது என்ற சொல்லையும் வெளுக்கும் என்ற சொல்லையும் ஒரே புட்டியில் கண்டால் நிதானியுங்கள். கறுப்பு முடியைப் பொறுத்தவரை இரண்டில் ஒன்றுதான் மெய்யாக இருக்க முடியும். மென்மையானால் வெளுக்காது. வெளுத்தால் மென்மையாகாது.

இனி நம் சோதனைக்கு வருவோம். இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். தலையில் ஒரு சொட்டும் படத் தேவையில்லை. சீப்பில் சிக்கிய முடி போதும்.

மாணவியின் சீப்பிலிருந்து கறுப்பு முடியும், பாட்டியின் சீப்பிலிருந்து நரை முடியும் கொண்டுவரச் சொன்னோம். ஒவ்வொன்றையும் இரண்டு கற்றையாக்கி நூலால் கட்டினோம். ஒரு சோடிக் கற்றையைச் சாதாரணச் சவர்க்காரத்தில் கழுவினோம். மறு சோடியைப் புட்டி ஷாம்பூவில் நுரைத்து, அதில் சொல்லியிருந்தபடி மூன்று நிமிடம் வைத்துக் கழுவினோம். இப்படித் திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு மூன்று முறை. வகுப்புப் பிள்ளைகளே கடிகாரம் பார்த்து, ஏட்டில் குறித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை நான்கு கற்றைகளையும் வெள்ளைத் தாளின் மேல் வைத்து, சன்னல் ஓரத்து வெளிச்சத்தில் பார்த்தோம்.

கறுப்பு முடி இரண்டும் ஒரே கறுப்பு. எது எந்தக் கற்றை என்று நூலின் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. ஆனால் பாட்டியின் நரை முடி? புட்டி ஷாம்பூவில் கழுவிய கற்றை வெளிர் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது! வகுப்பே சிரித்தது. புட்டிக்குள் இருந்தது ஊதாச் சாயம் என்று அப்போதே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வயதான பெண்கள் நரைக்கு இலேசான நீலச் சாயம் ஏற்றிக்கொள்வார்கள். அந்த நாகரிகம் நம் பாட்டிக்கும் வரவிருந்தது, தப்பித்தார்.

அடுத்து, புட்டியின் பின்புறத்தைப் படிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். முன்புறம் வியாபாரி பேசுகிறார். பின்புறத்தில் சிறிய எழுத்தில் சரக்கு பேசுகிறது. சேர்மானப் பட்டியலில் அதிகமாக உள்ள பொருள் முதலிலும், குறைவானது பின்னாலும் வரும். பெரும்பாலும் முதலில் தண்ணீர் இருக்கும். முகப்பில் பெரிதாகப் படம் போட்ட பூவின் பெயரைப் பட்டியலின் கடைசி வரிசையில் கண்டால், அதன் அளவு எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற பெயர் இருந்தால் அது வெளுக்கும் பொருள். கண்ணில் படாமல், கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். நம் நாட்டில் அழகுசாதனப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த அறிவிப்பு, முகப்பில் சொன்னதெல்லாம் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பெயரும் பட்டியலும் இல்லாமல் இரவுச் சந்தையில் விற்கும் புட்டியை வாங்கவே வேண்டாம்.

இன்னும் ஒன்று. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை முடியில் பூசிப் பார்க்கும் துணிச்சல் எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. அது முடியையும் தோலையும் அரித்துவிடும். அதோடு புளிக்காடியோ கழிவறை கழுவும் ஆசிட்டோ கலந்தால் நச்சு வாயு கிளம்பும். சலூனில் வேலைக்குப் போகும் நம் பெண்களும் கவனிக்க வேண்டும். முடி வெளுக்கும் தூளை நாள்தோறும் சுவாசிப்பதால் ஆஸ்துமா வருவதுண்டு. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை புட்டியைத் திருப்பிக் கொடுக்க மாணவியின் வீட்டுக்குப் போனோம். வந்த வேலை முடிந்தது என்று எழுந்தபோதுதான், வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவளுடைய தம்பியைக் கவனித்தோம். இரண்டு வயதுப் பையன். நம்மைக் கண்டதும் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. கால் சற்று வீங்கினாற்போல் இருந்தது. முடி மெலிந்து, ஒளியற்று, செம்பட்டையாக இருந்தது.

"பாத்தீங்களா வாத்தியாரய்யா, இவனுக்கு ஷாம்பூ போடாமலே முடி செவந்துபோச்சு" என்று பாட்டி சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நேயர்களே, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செம்பட்டை முடி எல்லாம் நோயன்று. வெயிலில் ஓடியாடும் பிள்ளைகளின் முடி நுனி சிவப்பது இயல்பு. வெனிஸ் நகரத்துப் பெண்கள் கூரை மேல் ஏறித் தேடியதை நம் பிள்ளைகள் பள்ளித் திடலிலேயே பெறுகிறார்கள். ஆனால் குழந்தையின் முடி மெலிந்து, இலேசாக இழுத்தாலே கையோடு வந்து, நிறமும் மங்கி, அதனுடன் கால் வீக்கமும் சோர்வும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால், அது உடம்பு எழுப்பும் கூக்குரல். உணவில் போதிய சத்து இல்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

இந்த நோயை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி. ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றியபோது, 1933ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். 1935ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்களின் சொல்லாலேயே அதற்குக் குவாஷியோர்கர் என்ற பெயரை வழங்கினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய் மடியை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நின்றபின் வெறும் மாவுணவையே தின்ற பிள்ளைகளிடம் அவர் அதைக் கண்டார்.

அவருக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு. 1936ஆம் ஆண்டில் அவர் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணியாற்றினார். டின்னில் அடைத்த இனிப்புக் கெட்டிப் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்து விற்றதை அங்கே கண்டார். அதைக் குடித்து நலிந்த குழந்தைகளையும் கண்டார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் அவர் அஞ்சாமல் பேசினார். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பாதீர்கள் என்பது நம் முன்னோர் மொழி. அந்த அம்மையார் அதையே மேடையேறிச் சொன்னார் என்று கொள்ளலாம். புட்டியின் முகப்பில் சொன்னதை நம்பி ஏமாறுவது முடிக்கு மட்டும் நேரும் விபத்தன்று.

அந்தப் பையன் நாள் முழுதும் என்ன சாப்பிடுகிறான் என்று பாட்டியைக் கேட்டோம். கெட்டிப் பால் கலந்த தேத்தண்ணி, பிஸ்கட், ரசம் சோறு என்றார். தாய் தூரத்து ஆலையில் வேலை. பாட்டி தன்னால் இயன்றதைச் செய்தார். அவர்மேல் குற்றமில்லை. பால் என்று டின்னில் எழுதியிருந்தது; அவர் நம்பினார். புட்டி ஷாம்பூவைச் சந்தேகித்து நம்மிடம் கொண்டுவந்தவருக்கு, டின் பாலைச் சந்தேகிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாளே பையனை அரசாங்க கிளினிக்குக் கொண்டுபோனோம். தாதி எடை பார்த்தார், வயதுக்கு மிகக் குறைவு என்றார். டாக்டர் இரத்தம் சோதித்து, மருந்தும் உணவு முறையும் எழுதிக் கொடுத்தார். நாளும் முட்டை, பருப்பு, மீன், கீரை. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் உணவுக் கணக்கில் சேராது. வாரம் ஒரு முறை எடை பார்க்க வர வேண்டும்.

அன்று இரவு பாட்டி ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். புட்டியின் விலைக்கு முப்பது முட்டை உள்ள ஒரு தட்டும் ஒரு கிலோ பருப்பும் வாங்கி, மீதியும் வரும் என்பது அந்தக் கணக்கு. அதை அவர் பேத்தியிடம் கோபித்துச் சொல்லவில்லை. தொலைபேசியில் அக்காளிடம் மட்டும் சொன்னாராம். அடுத்த மாதம் டவுனிலிருந்து வந்த பையில் புட்டி இல்லை. பால்மாவும் நெத்திலிக் கருவாடும் இருந்தன.

தாய்மார்களே! உங்கள் பெண் பிள்ளைகள் முடியைப் பற்றி ஆசைப்படுவது தவறன்று. அழகாக இருக்க எண்ணுவது எந்த நாட்டுப் பெண்ணுக்கும் இயல்பு. அந்த ஆசையைத் திட்டி அடக்காதீர்கள். புட்டியைக் கையில் வாங்குங்கள். இதில் என்ன இருக்கிறது, அது யாருடைய முடிக்காகச் செய்தது, எப்படி வேலை செய்யும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். ஆசிரியர்கள் எதற்காக இருக்கிறோம்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தக் குஞ்சு கறுப்பு என்பது காக்கைக்குத் தெரியாததன்று. கறுப்பாகவே அது பொன் என்று காக்கைக்குத் தெரியும்.

முடியைப் பற்றிய இன்னொரு உண்மையைச் சொல்லி முடிக்கிறோம். வளர்ந்துவிட்ட முடி மாறாது. ஆனால் புதிதாக வளரும் முடி, அந்தந்த மாதத்து உணவைக் காட்டும். சத்துக் குறைந்த காலத்தில் வெளிறியும், சத்துக் கிடைத்த காலத்தில் கறுத்தும் வளர்வதால், சில பிள்ளைகளின் முடியில் கொடியில் உள்ள பட்டைகள் போல நிறம் மாறி மாறித் தெரியும். மருத்துவர்கள் அதைக் கொடி அடையாளம் என்றே சொல்வார்கள்.

நான்கு மாதங்கள் கழித்து ஒரு காலை, அதே மாணவி மணி அடிப்பதற்கு முன் நம் மேசைக்கு ஓடிவந்தாள். இம்முறை கையில் புட்டி இல்லை. தம்பியைத்தான் இடுப்பில் தூக்கி வந்திருந்தாள். அவன் அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் தலையைக் குனியவைத்து, முடியைப் பிளந்து காட்டினாள்.

"சார், பாருங்க சார். அடியில கறுப்பா வருது!"

வேரோடு இரண்டு விரற்கடை நல்ல கறுப்பு.